எந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை நம்பி வாங்கலாம்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள என் பட்டறைக் கதவை இழுத்துப் பூட்டப் போகும் நேரத்தில், பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி வந்து நின்றார். கைபேசியில் நான்கு கார்களின் படங்கள்: 2014ஆம் ஆண்டு கோல்ஃப் 7 ஜிடிஐ, 2013 டொயோட்டா 86, 2010 மஸ்டா எம்எக்ஸ்-5, 2006 போர்ஷ் பாக்ஸ்டர். மஸ்டா மட்டும் கொஞ்சம் மலிவு. மற்ற மூன்றும் ஏறக்குறைய ஒரே விலை. “அண்ணா, இந்த நான்கில் எது உடையாது என்று மட்டும் சொல்லுங்கள், போய்விடுகிறேன்” என்றார். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் போனார். அடுத்த வாரமே ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து ஓர் அம்மா தம் மகனுக்காகத் தொலைபேசியில் இதே கேள்வியைக் கேட்டார். அவர் பட்டியலிலும் முதல் இரண்டு கார்கள் இவையே. மூன்றாவது முறையும் வாய் வலிக்கப் பேசுவதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

உடையாத கார் கிடையாது. எது உடையும், எப்போது உடையும், உடைந்தால் டர்பனில் அதில் கைவைக்கத் தெரிந்தவர் யார், பில் எவ்வளவு வரும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் வாங்கியவருக்குத் தூக்கம் வரும். அந்த வகையில் என் கணிப்பு இது: டர்பனில் இருப்பவருக்கு டொயோட்டா 86. ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருப்பவருக்கு, யாரும் மாற்றம் செய்யாத, கை படாத ஜிடிஐ கிடைத்தால் அது. வீட்டில் வேறொரு காரும் கூரையுள்ள நிறுத்துமிடமும் இருந்தால் மஸ்டா. பாக்ஸ்டரைப் பற்றிப் பேசும்போது நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். ஆனால் அடித்து ஓட்டப்பட்ட ஒரு 86ஐவிட, ஒழுங்காகப் பராமரித்த பாக்ஸ்டர் எவ்வளவோ மேல். அதனால் கார்களைப் பற்றிப் பேசுமுன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் காகிதம். சர்வீஸ் புத்தகம் இருக்கிறதா என்று கேட்பவர் பலர். அதைப் படிப்பவர் குறைவு. ஒருமுறை என்னிடம் கொண்டுவந்த புத்தகத்தில் நான்கு ஆண்டுகளுக்கான ஐந்து முத்திரைகள் இருந்தன. ஐந்தும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில், ஒரே கையெழுத்தில். நான்கு ஆண்டுகளாக ஒருவரே அதே பேனாவைத் தொலைக்காமல் வைத்திருந்தார் என்று நம்புவது கடினம். முத்திரையில் உள்ள பட்டறைக்குத் தொலைபேசி செய்து சேசிஸ் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்; ஐந்து நிமிட வேலை. முத்திரையைவிட எனக்கு ரசீதுகள்மேல்தான் நம்பிக்கை. எந்த எண்ணெய் ஊற்றினார்கள், எந்தப் பாகத்தை மாற்றினார்கள், அன்று கிலோமீட்டர் எவ்வளவு என்று ரசீது சொல்லும். கோப்பில் கசங்கிய ரசீதுகளை அடுக்கி வைத்திருக்கும் உரிமையாளர் பொதுவாக எண்ணெய் அளவையும் பார்த்திருப்பார்.

இரண்டாவது, கார் வளர்ந்த ஊர். நம் நாட்டில் இதற்கு இருக்கும் எடை பலருக்குப் புரிவதில்லை. புளஃப், உம்லாங்கா போன்ற கடலோர இடங்களில் வெட்டவெளியில் நின்ற காரும், ஜோகன்னஸ்பர்க்கில் நின்ற காரும் மேலே ஒரே மாதிரி பளபளக்கும். பானெட்டைத் தூக்கி, சஸ்பென்ஷன் தூண்களின் தலையில் உள்ள நட்டுகளைப் பாருங்கள். கடற்கரைக் காரில் அவை செந்தூரம் பூசியதுபோல இருக்கும். அலுமினியப் பாகங்களில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். பிரேக் குழாய் இணைப்புகளை விரலால் தடவிப் பார்த்தால் செதில் உதிரும். மேட்டுநிலக் காருக்குத் துரு குறைவு, ஆனால் ஆலங்கட்டி அடி இருக்கும். பானெட்டை எதிர்வெயிலில் சாய்வாகப் பார்த்தால் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். கடும் வெயிலில் ரப்பர்களும் காய்ந்திருக்கும். வண்டி எண்ணை வைத்து மட்டும் ஊரைத் தீர்மானிக்காதீர்கள். மாகாணம் மாறிப் பதிவு செய்யும்போது எண்ணும் மாறிவிடும். நேற்று டர்பன் எண் வாங்கிய கார் பத்து ஆண்டுகள் வேறெங்கோ ஓடியிருக்கலாம்.

நம் பக்கத்தில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: வெள்ளம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இசிப்பிங்கோ, ப்ராஸ்பெக்டன் பகுதிகள் தண்ணீரில் நின்றன. டொயோட்டா ஆலையே மாதக் கணக்கில் மூடிக் கிடந்தது. அந்தத் தண்ணீரில் நின்ற கார்களில் எத்தனை துடைத்துக் காயவைத்து விற்கப்பட்டனவோ. சீட் பெல்ட்டை அது முடியும்வரை இழுங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு இருந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். டிக்கியில் உதிரிச் சக்கரக் குழியையும், இருக்கைக்கு அடியில் உள்ள இரும்புத் தண்டவாளத்தையும் பாருங்கள். வாசனைத் திரவியம் மூக்கைத் துளைக்கும் கார் என்றால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

மூன்றாவது, முன்னவர் கை. ஸ்போர்ட்ஸ் காரை வாங்குபவர் சும்மா இருக்கமாட்டார். மென்பொருளை மாற்றி சக்தியைக் கூட்டுவார், சைலன்சரை மாற்றுவார், காரைத் தாழ்த்துவார். விற்கும்போது பழைய பாகங்களைத் திரும்பப் பூட்டிவிடுவார். ஆனால் போல்ட்டின் தலையில் ஸ்பானர் பட்ட கீறல் இருக்கும். இன்ஜின் கணினிப் பெட்டியின் திருகுகள், காற்றுக்குழாய் வளையங்கள், முன்பக்கத் தகடுகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஆகிய மூன்று இடங்களிலும் பெயின்ட் சிதையாமல் இருந்தால் காரை யாரும் அதிகம் நோண்டவில்லை என்று கொள்ளலாம். முன்தகட்டு போல்ட்டில் கீறல் என்றால் பெரும்பாலும் விபத்து. பதிவுச் சான்றில் உள்ள குறியீட்டையும் பாருங்கள். இரண்டு என்றால் பழைய கார். மூன்று என்றால் மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது. காப்பீட்டு நிறுவனம் கைகழுவிய கார் இரண்டாம் குறியீட்டோடேயே சந்தைக்குத் திரும்புவதும் உண்டு என்பதால் குறியீட்டை மட்டும் நம்பிவிட முடியாது.

பிறகு, பாகங்களும் கைகளும். உள்ளூரில் பாகம் கிடைக்குமா, அதைப் பூட்டத் தெரிந்தவர் எத்தனை பேர்? இதோடு ஒட்டியதுதான் மறைச்செலவு: காப்பீடு, கண்காணிப்புக் கருவி, டயர். நம் சாலைக் குழிகளில் பக்கச்சுவர் குட்டையான டயர் போட்ட அலாய் சக்கரம் எத்தனை நாள் வட்டமாக இருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. நான்கு டயரும் நான்கு பிராண்டில், நான்கு வயதில் இருந்தால் அந்த உரிமையாளர் காசை எங்கே மிச்சம் பிடித்தார் என்பது தெரிந்துவிடும். டயரிலேயே மிச்சம் பிடித்தவர் இன்ஜினுக்குள் என்ன செய்திருப்பார்?

## கோல்ஃப் ஜிடிஐ

நம் பிள்ளைகளுக்கு ஜிடிஐ என்றால் கோயில் தேர் மாதிரி. அதனாலேயே பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. டர்பனில் ஜேக்கப்ஸ் முதல் பீனிக்ஸ் வரை அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளுக்கும் பஞ்சமில்லை. அதனாலேயே கை படாத கார் கிடைப்பதும் அரிது.

தலைமுறையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐந்தாம் கோல்ஃபில் டைமிங் பெல்ட். அதன் உயர் அழுத்த எரிபொருள் பம்பை இயக்கும் சின்னக் கிண்ணம் போன்ற பாகம் தேயும்; தேய்ந்ததைக் கவனிக்காவிட்டால் கேம் தண்டையே தின்றுவிடும். ஆறாம் கோல்ஃபில் பெல்ட்டுக்குப் பதில் செயின். ஆரம்பகால செயின் இறுக்கி பலவீனமானது. அது தளர்ந்து செயின் பல் தாண்டினால் வால்வுகள் வளைந்துவிடும். அதோடு இன்ஜினை மறந்துவிட வேண்டியதுதான். இறுக்கி மாற்றிய ரசீது இல்லாத ஆறாம் ஜிடிஐயை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். குளிர்ந்த இன்ஜினை எழுப்பும்போது ஓரிரு நொடி கரகரவென்று சத்தம் வந்தால் அதுதான் அது.

2013இல் நம் நாட்டுக்கு வந்த ஏழாம் கோல்ஃப் இவை எல்லாவற்றையும்விட நல்ல கார். 162 கிலோவாட் சக்தி, செயினும் திருத்தப்பட்டது. அதன் பலவீனம் தண்ணீர்ப் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு. கசிவு மெதுவாகத்தான் தொடங்கும். கூலன்ட் தொட்டி கோட்டுக்குக் கீழே இருந்தாலோ, இன்ஜினின் பக்கவாட்டில் இளஞ்சிவப்பு உப்புத் தடம் காய்ந்திருந்தாலோ அதன் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். டிஎஸ்ஜி எனும் ஆறு வேகத் தானியங்கி கியர்பாக்ஸின் கிளட்ச் எண்ணெயில் நனைந்து ஓடுவது. 60,000 கி.மீ.க்கு ஒருமுறை அந்த எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்ற வேண்டும். “ஆயில் மாற்றியாயிற்று” என்று விற்பவர் சொன்னால் எந்த ஆயில் என்று கேளுங்கள். பத்துக்கு ஏழு பேர் இன்ஜின் ஆயிலைத்தான் சொல்வார்கள். இந்த விகிதம் என் பட்டறை அனுபவம். வேறு ஆதாரம் கேட்காதீர்கள். ஏற்றத்தில் நின்று மெதுவாக நகரும்போது கார் நடுங்கினாலோ, இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போது உதைத்தாலோ கியர்பாக்ஸ் செலவு காத்திருக்கிறது.

இந்தக் காரின் பெரிய மறைச்செலவு மென்பொருள் மாற்றம். சக்தியைக் கூட்டிய காரின் கிளட்சும் டர்போவும் கூடுதல் பாரத்தைச் சுமந்திருக்கும். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாத மாற்றம் இருந்தால் இழப்பீடு கேட்கும் நாளில் கையை விரித்துவிடுவார்கள். மாற்றியவர் முன்னவர், நீங்கள் அல்ல என்ற வாதம் அங்கே எடுபடுவது கடினம்.

ஆனாலும் லெனேசியா அம்மாவுக்கு நான் ஜிடிஐயைத்தான் சொன்னேன். காரணம் உயரம். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டரில் இருக்கிறது. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு சதவீதம் சக்தியை இழக்கும். டர்போ இன்ஜின் மெல்லிய காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளிக்கொள்வதால் இழப்பு குறைவு.

(போலோ ஜிடிஐயும் அதே குடும்பம்தானே என்று கேட்பவர்களுக்கு: 2010க்குப் பிறகு வந்த 1.4 லிட்டர் போலோவின் இன்ஜினும் வேறு, ஏழு வேக உலர் கிளட்ச் கியர்பாக்ஸும் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.)

## டொயோட்டா 86

இதைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு பிழையான நம்பிக்கை உண்டு: டொயோட்டாதானே, எண்ணெய் ஊற்றாமல்கூட ஓடும் என்பார்கள். ப்ராஸ்பெக்டனில் நம் மாமாக்களும் சித்தப்பாக்களும் வேலை பார்த்துக் கட்டிய கொரோலா வேறு, இது வேறு. 86 ஜப்பானில் சுபாரு ஆலையில் பிறந்தது. இன்ஜினும் சுபாருவின் படுத்த சிலிண்டர் இன்ஜின்: 2.0 லிட்டர், 147 கிலோவாட், 205 நியூட்டன் மீட்டர். டர்போ இல்லை, இன்டர்கூலர் இல்லை. உடைய வேண்டிய பொருள்களே குறைவு. அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் 2012, 2013 கார்களை வாங்குவோர் ஒன்றைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். வால்வு ஸ்பிரிங்குகள் முறியக்கூடும் என்று 2018இல் அந்தக் காலத்துக் கார்களை உலகளவில் திரும்ப அழைத்தார்கள். வேலையைச் செய்ய இன்ஜினை வெளியே எடுக்க வேண்டும். திரும்ப மூடும்போது பூசும் பசை அளவுக்கு மீறினால், பிதுங்கிய துணுக்கு எண்ணெய்ப் பாதையை அடைத்து இன்ஜினைச் சாய்த்துவிடும் என்று வெளிநாடுகளில் புகார்களும் வந்தன. ஆக இரண்டு கேள்விகள்: இந்த சேசிஸ் எண் அந்த அழைப்பில் வருகிறதா? வந்தால், வேலை முடிந்து எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? முதல் கேள்விக்கு டொயோட்டா முகவர் பதில் சொல்வார். வேலை முடிந்து இருபதாயிரம் கிலோமீட்டர் அமைதியாக ஓடிய காரை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். நேற்றுதான் முடிந்தது என்றால் கொஞ்சம் பொறுப்பேன்.

மற்றவை சில்லறை. குளிர்ந்த இன்ஜினில் எரிபொருள் பம்ப் சிள்வண்டு மாதிரிக் கீச்சிடும். அது பெரும்பாலும் குறைபாடு அல்ல. கிளட்ச் பெடலை மிதித்தால் மாறும் சத்தம் வந்தால் தள்ளு பேரிங் தேய்ந்திருக்கிறது. நிமிடத்துக்கு 3,500க்கும் 4,500க்கும் இடைப்பட்ட சுற்றுகளில் இன்ஜின் சோர்ந்துபோவதுபோல இருக்கும்; அது பிறவிக் குணம், விற்பவரைத் திட்டாதீர்கள்.

உண்மையான ஆபத்து முன்னவர்தான். பின்சக்கரம் இழுக்கும், விலை அதிகமில்லாத, கையால் கியர் மாற்றும் கார் என்றால் அதை வட்டமடிக்க வைத்து டயரைப் புகையாக்குபவர்கள் இருக்கிறார்கள். பின்சக்கர வளைவின் உட்புறத்தில் கையை விட்டுப் பாருங்கள். உருகிய ரப்பர் கடுகு கடுகாக ஒட்டியிருந்தால் கார் எங்கே சனிக்கிழமை இரவுகளைக் கழித்தது என்று தெரிந்துவிடும். பின் டயர் புதிது, முன் டயர் ஆறு வயது என்பதும் அதே கதைதான்.

ஜோகன்னஸ்பர்க்கில் இதே 147 கிலோவாட் ஏறக்குறைய 122க்கு வந்துவிடும். கடல்மட்டத்தில் உயிரோடு இருக்கும் கார், மேட்டுநிலத்தில் மூச்சு வாங்கும். டர்பனில் சொல்லி ஜோகன்னஸ்பர்க்கில் சொல்லாததற்கு அதுதான் காரணம். பின்னிருக்கை பெயருக்குத்தான், கைக்குழந்தை வரப் போகும் வீடு என்றால் ஜிடிஐ பக்கம் போய்விடுங்கள்.

## மஸ்டா எம்எக்ஸ்-5

இன்ஜின், கியர்பாக்ஸ் பற்றி எழுத அதிகம் இல்லை. 2005 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறையின் 2.0 லிட்டர் இன்ஜின் சாதாரணக் குடும்பக் காரின் உறவு. எண்ணெய் இருக்கும்வரை ஓடும். இந்தக் காரில் நீங்கள் பரிசோதிக்க வேண்டியது தகடு. திறக்கும் கூரையில் விழும் மழைநீர், இருக்கைக்குப் பின்னால் உள்ள துளைகள் வழியாக வடிய வேண்டும். துளையில் இலை அடைத்தால் நீர் உள்ளே தேங்கிக் கதவுக்குக் கீழுள்ள பெட்டியை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே கரைந்துகொண்டிருக்கும். கதவடிப் பெட்டியைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் மந்தமாகும் இடத்தில் நிறுத்துங்கள். டர்பன் கடற்கரையில் வளர்ந்த எம்எக்ஸ்-5 என்றால் காரைத் தூக்கி அடிப்பக்கம் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

பழைய சர்வீஸ் புத்தகத்தில் ஃபோர்டு முகவரின் முத்திரை இருந்தால் பயப்படாதீர்கள். 2014 வரை மஸ்டா நம் நாட்டில் ஃபோர்டோடு ஒட்டியே இருந்தது.

இரண்டே இருக்கை, கைப்பெட்டி அளவு டிக்கி. வேறு கார் இருப்பவருக்கு இதைவிட மலிவான மகிழ்ச்சி இல்லை. இதுதான் ஒரே கார் என்றால், கல்யாண வீட்டுக்கு அம்மாவையும் அத்தையையும் எப்படி அழைத்துப் போவீர்கள்?

## போர்ஷ் பாக்ஸ்டர்

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவார்கள் என்பது இந்தக் காரைப் பற்றித்தான். பழைய பாக்ஸ்டரின் விலை இறங்கிவிட்டது. பாகத்தின் விலை இறங்கவில்லை. புதிதாக வாங்கியவர் எந்த வருமானத்தில் பராமரித்தாரோ அதே செலவை, இத்தனை வயதான காருக்கு நீங்கள் செய்ய வேண்டும். விளம்பரத்தில் உள்ள தொகை நுழைவுக் கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் எல்லோரும் பேசும் வில்லன், இன்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டின் பேரிங். 1997 முதல் 2008 வரையிலான இன்ஜின்களில் இது உண்டு. அது நொறுங்கினால் உலோகத் துகள் எண்ணெயோடு எல்லா இடத்துக்கும் போய்விடும்; இன்ஜினைக் காப்பாற்ற முடியாது. ஆனால் எல்லா ஆண்டுகளும் ஒன்றல்ல. 2000க்கும் 2005க்கும் இடைப்பட்டவற்றில் இருந்த ஒற்றை வரிசைப் பேரிங்தான் அதிகம் பழிக்கப்பட்டது. கியர்பாக்ஸை இறக்கினால் அதை மாற்றலாம் என்பதால் கிளட்ச் மாற்றும்போதே பலர் சேர்த்து மாற்றிவிடுவார்கள். அந்த ரசீது கோப்பில் இருந்தால் பாதி கவலை போயிற்று. 2006 முதல் 2008 வரை பெரிய பேரிங் வந்தது. அது நொறுங்குவது குறைவு, ஆனால் இன்ஜினை இரண்டாகப் பிளக்காமல் மாற்ற முடியாது. சாட்ஸ்வொர்த் தம்பி பார்த்த கார் இந்த வகை. 2009இல் வந்த புதிய இன்ஜினில் இந்தப் பேரிங்கே கிடையாது. பாக்ஸ்டர்தான் வேண்டும் என்று மனது அடம்பிடித்தால், இன்னும் ஓர் ஆண்டு சேமித்து 2009க்குப் பிந்தையதை வாங்குங்கள் என்பேன்.

பரிசோதனைக்கு ஒரு நல்ல வழி உண்டு. எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி, அதன் மடிப்புக் காகிதத்தை வெட்டி, வெள்ளைத் துணிமேல் பரப்பி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஜரிகைபோல மின்னினால் உள்ளே ஏதோ தேய்ந்துகொண்டிருக்கிறது. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஒட்டுவது இரும்பு. ஒட்டாமல் மின்னுவது அலுமினியமாக இருக்கலாம். கறுத்த பிளாஸ்டிக் தூள் என்றால் செயின் வழிகாட்டிப் பட்டை தேய்கிறது. விற்பவர் இந்தச் சோதனைக்கு மறுத்தால் அதுவே பதில். முன்பம்பருக்குள் இருபுறமும் உள்ள ரேடியேட்டர்களையும் பார்க்க வேண்டும். அங்கே இலையும் குப்பையும் சேர்ந்து, ஈரம் தங்கி அரிக்கும். பம்பரைக் கழற்றாமல் டார்ச் அடித்தாலே தெரியும். டிக்கியில் உள்ள கூலன்ட் தொட்டியும் வெடிப்பு விடுவதற்குப் பேர்போனது.

டர்பனில் இந்த இன்ஜினைத் திறந்து மூடத் தெரிந்தவர்கள் சிலரே. நான் அவர்களில் ஒருவன் அல்ல. சில வேலைகளுக்குக் கார் லாரியில் ஏறி என்3 நெடுஞ்சாலை வழியாக ஜோகன்னஸ்பர்க் போகும். அந்த ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வாடகையும் உங்கள் கணக்குத்தான். இவ்வளவு சொன்ன பிறகும், நான்கில் எதை ஓட்டி முடித்து இறங்கும்போது திரும்பிப் பார்ப்பேன் என்று கேட்டால், பாக்ஸ்டரைத்தான்.

## ஒரே பார்வையில்

| | ஜிடிஐ (ஏழாவது) | டொயோட்டா 86 | எம்எக்ஸ்-5 | பாக்ஸ்டர் |
|---|---|---|---|---|
| முதலில் பார்ப்பது | கூலன்ட் கசிவு, டிஎஸ்ஜி எண்ணெய் ரசீது | வால்வு ஸ்பிரிங் வேலை, பின்சக்கர வளைவு | கதவடித் துரு, வடிதுளை | எண்ணெய் வடிகட்டி, ரேடியேட்டர் |
| பாகமும் கையும் | தாராளம் | எளிது, சிலவற்றுக்குக் காத்திருக்க வேண்டும் | எளிது, தகட்டு வேலைக்கு நல்ல கை வேண்டும் | அரிது, விலை கடுமை |
| மறைச்செலவு | முன்னவர் கூட்டிய சக்தி, காப்பீடு | டயர், கிளட்ச் | துருநீக்கம், கூரை | எல்லாமே |
| யாருக்கு | மேட்டுநிலம், சிறு குடும்பம் | கடல்மட்டம், தனி ஆள் | வேறு கார் உள்ளவர் | கையிருப்பு உள்ளவர் |

## யாரிடம் வாங்குவது

வியாபாரியிடம் விலை கூடும், ஆனால் சட்டம் உங்கள் பக்கம். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கி ஆறு மாதத்துக்குள் குறைபாடு வெளிப்பட்டால் பழுதுபார்த்துத் தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். குறைபாட்டை முன்பே உங்களிடம் விவரமாகச் சொல்லி, நீங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தால் அந்த உரிமை போய்விடும். எனவே கையெழுத்துப் போடும் தாளின் சிறிய எழுத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள்.

தனியாளிடம் வாங்கினால் அந்தச் சட்டம் வராது. ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ என்ற பழைய டச்சுச் சொல் வரும்: உள்ளது உள்ளபடி. விற்றவர் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால் அது அவரைக் காப்பாற்றாது. நிரூபிக்கும் பாடு உங்களுடையது. இருந்தாலும் நான் தனியாளிடம் வாங்குவதையே விரும்புகிறேன். ஒருவர் வீட்டு வாசலில் நின்று அவர் காரைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் பாதி தெரிந்துவிடும். பட்டறைத் தொழிலில் இருக்கும் நானே, பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் மெழுகு பூசிய ஒரு டர்போ காரைப் பார்த்து மயங்கி, அடிப்பக்கம் குனிந்து பார்க்காமல் வாங்கினேன். மூன்றாம் வாரம் டர்போ நீலப்புகை கக்கியது. என் மனைவி இன்றும் நீலப் புகையைப் பார்த்தால் என்னைத்தான் பார்ப்பார்.

ரோட்வொர்த்தி சான்று இருக்கிறதே என்று சொல்வார்கள். அது பிரேக், விளக்கு, டயர், ஸ்டீயரிங் போன்றவை சாலைக்குத் தகுதியா என்று பார்ப்பது. டைமிங் செயினையோ கியர்பாக்ஸையோ அது தொடுவதில்லை. டயரில் ஒரு மில்லிமீட்டர் பள்ளம் இருந்தாலே சட்டத்துக்குப் போதும். மழையில் என்2இல் பின்சக்கரம் இழுக்கும் காருக்கு அது போதாது.

## காலை ஆறரை மணி

பணம் கொடுத்து வெளியாரிடம் பரிசோதிக்கச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் எந்தக் கருவியும் இல்லாமல் நீங்களே செய்யக்கூடிய சோதனைகளில் உயர்ந்தது, தூங்கும் இன்ஜினை எழுப்பிப் பார்ப்பது. செயின் சத்தம், வால்வு எண்ணெய்ப் புகை, பேட்டரிச் சோர்வு எல்லாம் முதல் பத்து நொடியில் வெளிவரும். இன்ஜின் சூடேறிவிட்டால் ஒளிந்துகொள்ளும்.

அந்தத் தம்பியோடு பீனிக்ஸில் ஒரு வெள்ளைக் காரைப் பார்க்கப் போனேன். ஆறரைக்கு வருவோம், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல்நாளே சொல்லியிருந்தோம். போய் இறங்கியதும் நான் காரைச் சுற்றவில்லை. பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தேன். சூடு. “ரொட்டி வாங்கப் போய் வந்தேன் மாமா” என்றார் காரை விற்கும் பையன். ரொட்டியை எங்கும் காணவில்லை. கண்டறியும் கருவியைச் செருகினேன். பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை. ஆனால் காரின் கணினி தானே செய்து முடிக்கும் சோதனைகள் எல்லாமே “முடியவில்லை” என்று நின்றன. குறியீடுகளை அழித்தால் அந்தச் சோதனைகள் தொடக்கத்துக்குத் திரும்பும். மீண்டும் முடிய நாள்கணக்கில் ஓட்ட வேண்டும். குறியீடுகள் அன்று காலைதான் துடைக்கப்பட்டிருக்கின்றன. வணக்கம் சொல்லிவிட்டு, வழியில் தேநீர் குடித்துவிட்டு வந்தோம்.

தம்பி இன்னும் வாங்கவில்லை. பட்டியலில் பாக்ஸ்டரை அடித்துவிட்டார், அடிக்கும்போது பெருமூச்சு விட்டார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு 86 இருக்கிறதாம்: ஒரே உரிமையாளர், பள்ளி ஆசிரியை, தடித்த கோப்பு. கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர் என்பதால் எனக்கும் ஆசைதான். வரும் சனிக்கிழமை விடியுமுன் புறப்படுகிறோம். நாங்கள் வந்து சேரும்வரை சாவியைப் போட வேண்டாம் என்று மட்டும் அந்த ஆசிரியையிடம் தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறார். சக்கரத்துக்கு நான்கு எலுமிச்சம்பழம் தம்பியின் அம்மா இப்போதே வாங்கி வைத்துவிட்டார்கள். அவை வாடிப்போனாலும் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறேன்.